மலைக்கு வைத்த முதல் பத்திரிகை

சங்கரலிங்கம் சார் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி மலை கிளம்பி எங்கள் சாரல் நகருக்கு வந்துவிட்டது. வரச்சொன்னது அவர், வந்தது அது, நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நாங்கள். யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் நாலு தடவை யோசியுங்கள் என்று என் ஹாஸ்டல் பெண்களிடம் இப்போதெல்லாம் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் அறை ஜன்னல்கள் கிழக்கே பார்த்தவை.

எங்கள் ஊருக்கு மேற்கே மலை, மற்ற மூன்று திசையிலும் காலேஜ். கல்லை எடுத்து எறிந்தால் நாய்மேல் விழாவிட்டால் இன்ஜினியரிங் காலேஜ்மேல் விழும் என்பார்கள். வருஷா வருஷம் மழை பிடிக்கும் சமயத்தில் பக்கெட்டும் தலையணையுமாகப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் பாடம் சொல்ல வாத்தியார்கள் வருவார்கள், வாத்தியார்கள் இரண்டு கோடைக்கு இந்தத் தண்ணீரைக் குடித்து இந்தக் காற்றை வாங்கிவிட்டால் பிறகு ஊர் திரும்புகிற நினைப்பே வராது, இங்கேயே ஒரு வீடு பார்த்தால் என்ன என்று பெண்டாட்டியிடம் மெல்ல ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு எந்த வீட்டில் ஆரம்பித்தாலும் புரோக்கர் சென்னியப்பனுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். உச்சி வெயிலில் அவர் யாருக்கும் இடம் காட்ட மாட்டார். மலை நீலம் பூசிக்கொள்ளும் சாயங்காலமாகப் பார்த்துக் காரில் கூட்டிவந்து, கதவைத் திறந்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

"நான் எங்கீங்க விக்கறேன்?" என்பார் கேட்டால். "மலை தன்னைத்தானே வித்துக்குது. நான் காரு ஓட்டறதோட செரி."

அப்படி வந்தவர்கள்தான் சங்கரலிங்கம் சாரும் பிரமு டீச்சரும். இருவருக்கும் திசையன்விளைப் பக்கம். செம்மணல் குவிந்த தேரியும் பனையும் தவிர உயரம் என்று ஒன்றைப் பார்க்காத சீமை. அவர் காலேஜில் கணக்கு வாத்தியார், அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். பிள்ளை இல்லை. சார் வாசலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொண்டையை இரண்டு தடவை செருமுவார்; உள்ளே இருக்கும் பெண்கள் சுதாரித்துக்கொள்ளட்டும் என்று அவருடைய அப்பா பழக்கிவிட்ட மரியாதையாம். தன் வீட்டுக்குள் போகவும் அதே செருமல்தான். மரியாதை அவருக்கு ஒரு நோய் மாதிரி.

டீச்சருக்கு வீடு ஒரு நோய். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக மாறி வந்தவள். சுவரில் ஆணி அடிக்காதே என்ற வீட்டுக்காரர், மீன் வாசம் வரக்கூடாது என்ற வீட்டுக்காரர், சொந்தக்காரர் வந்தால் ராத்தங்கக் கூடாது என்ற வீட்டுக்காரர், பையன் கல்யாணத்துக்கு வீடு வேணும் காலி பண்ணு என்ற வீட்டுக்காரர் என்று அவள் சொல்லத் தொடங்கினால் எனக்கே கண் கலங்கும். சாரல் நகரின் கடைசி வரிசையில், என் ஹாஸ்டலுக்கு அடுத்தாற்போல, மேற்கே பார்த்த பால்கனியோடு ஒரு வீட்டைச் சென்னியப்பன் காட்டியதும் அவள் மலையைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைத்தான் தடவிப் பார்த்தாள். பத்திரம் பதிந்த அன்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அறைக்கு அறை ஆணி அடித்தாள். மாட்டுவதற்குப் படம் கிடையாது, காலண்டர் கிடையாது, வெறும் ஆணி. அடித்துவிட்டு நடு ஹாலில் உட்கார்ந்து அழுதாள். "இனி என்னை யாரும் எந்திரின்னு சொல்ல முடியாதுல்லா, கருணாக்கா?" என்று கேட்டாள். "எவனும் சொல்ல முடியாது கண்ணு" என்று நானும் வாய்விட்டுச் சொன்னேன்.

தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையைக் குலசாமி மடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அவர்களுடைய சாஸ்தா கோயில் திசையன்விளைக்கும் அந்தாண்டை, சாருக்கோ பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நேரம், காலேஜில் லீவு தர மாட்டேன் என்றுவிட்டார்கள். டீச்சர் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் சென்னியப்பன் தன் திருவாயைத் திறந்தார்.

"கொலசாமிகிட்டப் போக முடியலீன்னா அது ஒரு கொறைங்களா, டீச்சர்? இந்தா நிக்குதே, இதையவிடப் பெரிய சாமி எந்த ஊர்ல இருக்குது? முதல் பத்திரிகைய இதும் மடியில வெய்ங்க. நெம்ப நல்லா இருப்பீங்க."

நாங்கள் நாலு பேரும் சென்னியப்பன் காரில் போனோம். காலி மனைகளைத் தாண்டி, முள்ளுக்காட்டைத் தாண்டி, மலை தரையில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பாறை. அதன்மேல் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. டீச்சர் விழுந்து கும்பிட்டாள். அதோடு திரும்பியிருக்கலாம். சாருக்கு மனசு கேட்கவில்லை. பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டு வாயால் கூப்பிடாமல் வந்தால் யாராவது மதித்து வருவார்களா? தொண்டையைச் செருமிக்கொண்டு, பாறையின்மேல் இரண்டு கையையும் வைத்து, சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"அண்ணாச்சி, வர்ற தையில பால் காய்ச்சுதோம். நீங்க குடும்பத்தோட வந்திருந்து, இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். வராம மட்டும் இருந்திராதீங்க, எங்களுக்கு மனசு கஷ்டமாப் போயிரும்."

மேலேயிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு வந்து அவர் செருப்புக்கு அருகில் நின்றது. மலையில் கல் உருளாமல் வேறென்ன உருளும் என்று நாங்கள் பாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

பால் காய்ச்சும் நாளில் ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. கிழக்கே பொங்க வேண்டும் என்று டீச்சர் அடுப்பைக் கிழக்கே சாய்த்துத்தான் வைத்திருந்தாள். பால் பொங்கி, மேட்டுப் பக்கமாக ஏறி, மேற்கே வழிந்தது. நான் பார்த்தேன், சென்னியப்பனும் பார்த்தார். நல்ல காரியத்தில் எதற்கு என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பந்தல் பிரித்துப் பாத்திரமெல்லாம் வாடகைக் கடைக்குப் போன பிறகு, ஒரு காலையில் டீச்சர் மொட்டை மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். மலையில் ஓர் அருவி உண்டு, எங்கள் வீடுகளிலிருந்து பார்த்தால் வெள்ளை நூல் தொங்குகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அது வேட்டி காயப்போட்ட மாதிரி தெரிந்தது. மரங்களைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. மலை பக்கத்தில் வந்திருந்தது.

"வந்துட்டாகளே!" என்றார் சார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அவர் குரலில் பயம் இல்லை, சமையலறையில் ஒன்றும் மீதி இல்லையே என்ற சங்கடம்தான் இருந்தது.

"பெரிய மனுசங்க எந்த விசேசத்துக்கு நேரத்துல வந்திருக்கறாங்க?" என்றார் சென்னியப்பன்.

எங்களுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் எதற்கு. சாரல் நகர் மனைகளுக்குத் திடீரென்று கிராக்கி. 'மலை தெரியும் வீடு' என்று போர்டு வைத்திருந்த சென்னியப்பன் அதை அழித்து 'மலையே தேடி வரும் வீடு' என்று எழுதினார். பேங்க் மேனேஜர் தன் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் மலை மடியில் வைத்தார், பேக்கரிக்காரர் புதுக் கிளைக்குக் கூப்பிட்டார், ஒரு காலேஜ் பட்டமளிப்பு விழாவுக்கே கூப்பிட்டது. மலை யாருக்கும் திரும்பவில்லை. ஒரு வீட்டுக்கென்று கிளம்பியவர்கள் நடுவில் வேறு வீட்டில் இறங்குவார்களா? அது நேராகக் கடைசி வரிசையைப் பார்த்து, டீச்சர் வீட்டைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது. சிவில் டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் முக்காலிமேல் கருவியை நிறுத்தி முறை வைத்துப் பார்த்தார்கள். கண் இமைக்காமல் பார்க்கும்வரை மலை கல்லாக நிற்கும். ஒருத்தன் கொட்டாவி விட்டால், ஒருத்தி போனை எடுத்தால், அந்த அசட்டையில் ஓர் எட்டு வைத்திருக்கும். கூச்சப்படுகிற விருந்தாளி வாசலில் தயங்கித் தயங்கி வருவதுபோல என்று சார் சொன்னார். எனக்கு எலியைப் பார்த்து வருகிற பூனையின் நினைப்புத்தான் வந்தது. பிள்ளைகள் அதை வைத்தே புராஜெக்ட் எழுதி நல்ல மார்க் வாங்கிவிட்டார்கள்.

நடுவில் இருந்த நிலம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மலை எதையும் நசுக்கவில்லை, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல நாசூக்காகத்தான் வந்தது. ஆனால் காலி மனைகள் பாயைச் சுருட்டுவதுபோல அதன் காலடியில் சுருண்டுகொண்டே போயின. துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் மனைக்காரர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுடைய எல்லைக் கற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, மலையடியில் பல் வரிசை மாதிரி நெருக்கமாக, நம்பர்கூட அழியாமல். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் விரல் வைக்கத்தான் இடம் இருந்தது.

அந்த மனைகளுக்குக் காவலாக ராக்கியண்ணன் என்று ஒருவர் தகரக் கொட்டகை போட்டு இருந்தார். ஒண்டிக்கட்டை. கழுத்தில் ஒரு ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு சாயங்காலம் சத்தமாகப் பாட்டு வைப்பார். ஒரு நாள் காலையில் கொட்டகை இருந்த இடத்தில் பாறை இருந்தது. தேடாத இடமில்லை. போலீஸ் வந்தது, பாறையைச் சுற்றி வந்தது, டீ குடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாறைக்குள்ளேயிருந்து ரேடியோ பாடியது.

கேட்டவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். கடப்பாறையைக் கொண்டுவந்து தட்டினார்கள், காதை வைத்துக் கேட்டார்கள், ராக்கியண்ணா ராக்கியண்ணா என்று கூப்பிட்டார்கள். பாட்டு முடிந்து செய்தி வந்தது, செய்தி முடிந்து பாட்டு வந்தது, பதில் மட்டும் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். பிறகு என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? பழகிவிட்டது. 'ராக்கியண்ணன் ரேடியோ போட்டுட்டான், வெளக்கு வெய்யி' என்று வீட்டுக்கு வீடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மனுஷனுக்குப் பழகாதது எது?

இருட்டும் பழகியது. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் சீக்கிரமாக விழ ஆரம்பித்து, சாரல் நகரில் மதியச் சோற்றையே விளக்கு வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம். கோழிகள் குழம்பிப்போய்ப் பட்டப்பகலில் கூண்டுக்குள் போயின, துணி காயவில்லை, வடாம் காயவில்லை, பைக் சீட்டில் பாசி பிடித்தது. டியூஷன் நேரத்தை மாற்றினார்கள், தெருவிளக்குப் போடும் நேரத்தை மாற்றினார்கள். என் ஹாஸ்டல் பெண்கள் ஈர ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனார்கள்.

குடும்பத்தோடு வாருங்கள் என்று சார் சொல்லியிருந்தார் அல்லவா? குடும்பமும் வந்தது. முதலில் மூடுபனி வந்து கதவிடுக்கு வழியாக ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தது. பிறகு மிதியடிமேல் அட்டைப் பூச்சிகள், பேக்கரி வாசலில் காட்டுப்பன்றி. பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தால் தெரு நெடுகப் பாறைகள், ஆளுயரப் பாறைகள், கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்ட மாதிரி வரிசை வரிசையாக, எல்லாம் டீச்சர் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தன. வண்டிகள் மோதாமல் இருக்க அவற்றின்மேல் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள் நகராட்சிக்காரர்கள்.

கடைசியில் மலை டீச்சரின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வந்து நின்றது. பால்கனிக் கதவைத் திறந்து கையை நீட்டினால் பாறை. நான் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்களின் மூச்சு மாதிரி ஒரு சூடு அதிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. பயந்தேன், வெளியே சொல்லக் கூசவில்லை, பச்சைக் குழந்தை மாதிரி பயந்தேன்.

"வீட்டைப் பூட்டிட்டு வா கண்ணு, என்ர ஹாஸ்டல்ல வந்து இரு" என்றேன் டீச்சரிடம்.

"இன்னொருத்தர் வீட்டுக்கா?" என்றாள். ஹால் ஆணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதை அடிச்சது நான், கருணாக்கா. மலையே வந்து எந்திரின்னு சொன்னாலும் நான் எந்திரிக்க மாட்டேன். வேணும்னா ராக்கியண்ணன் மாதிரி உள்ளுக்குள்ளயே இருந்துக்கிடுதேன்."

என் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டோம். காலேஜ் பிரின்சிபால் முதற்கொண்டு பேக்கரிக்காரர்வரை எல்லோரும் வந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், கடைசியில் எல்லாப் பேச்சும் ஓர் இடத்தில் வந்து நின்றது: கூப்பிட்ட வீட்டில் இன்னும் இலை போடவில்லை, சாப்பிடாமல் அது எப்படிப் போகும்? சோறு போடுவோம், தாம்பூலம் கொடுப்போம், வாசலில் நின்று வழியனுப்புவோம்.

"அங்கதானுங்க சிக்கல்" என்றார் சென்னியப்பன். "வழியனுப்பறப்ப நாம என்ன சொல்லுவம்? போயிட்டு வாங்கன்னு சொல்லுவம். சொன்னா அது போயிட்டு மறுக்கா வருமே! போங்கன்னு மட்டும் சொல்லோணும்."

யார் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்? பிரின்சிபால் முயற்சி செய்தார். "போ..." என்றார், "போயிட்டு" என்றார், வியர்த்துவிட்டது. பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்து "வாங்க"வில் முடித்தார். இழவு வீட்டில் சொல்லாமல் எழுந்து போவதைத் தவிர, 'வா' சேராமல் பிரிகிற வழி யாருக்கும் தெரியாது. அதுவும் வழியனுப்புகிற சொல் வீட்டுக்காரி வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம்.

"நான் சொல்லுதேன்" என்றாள் அவள். "எத்தனை வீட்டுக்காரங்க என் மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தையச் சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியும் எப்படிச் சொல்லணும்னு." சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லியும் காட்டினாள், "போங்க" என்று, ஒட்டு இல்லாமல், உறவு இல்லாமல். எங்களுக்கே சுருக்கென்றது.

விருந்து நடந்தது. கல்யாணச் சமையல்காரர்களை வரவழைத்து அண்டா அண்டாவாக வடித்தோம். வாழை இலைகளைச் சேர்த்துத் தைத்து டீச்சர் வீட்டு வாசலிலிருந்து மலையடிவரை விரித்து, சோற்றைக் குன்றாகக் குவித்து, குழம்பை ஊற்றி, பாயசம் வைத்து, சாமிக்குப் படைத்த பிறகு செய்வதுபோலவே எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றோம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தோம். ஒரு பருக்கை இல்லை. அவ்வளவு பெரிய இலை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

தன் பக்கமாக மடித்திருந்தது.

சாப்பாடு பிடித்திருக்கிறது, உறவு தொடரட்டும் என்று நினைக்கிறவர்கள் அப்படித்தான் இலையை மடிப்பார்கள். சென்னியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "டீச்சர், மறந்துறாதீங்க, ஒத்தைச் சொல்லு" என்றார்.

டீச்சர் தாம்பூலத் தட்டோடு கேட்டுக்கு வந்தாள். தேங்காய், வெற்றிலை, மஞ்சள் எல்லாவற்றையும் பாறையின் மடியில் வைத்தாள். நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அப்போதுதான் பக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சார் புது வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க கெளம்புதிய?" என்றாள் டீச்சர்.

"அண்ணாச்சியத் தனியா அனுப்ப முடியுமா?" என்றார் சார். "நம்ம ஊர்ல விருந்தாளிய பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான வீட்டுக்குள்ள வருவோம். கூப்பிட்டது நான். கூடப் போயி அதோட எடத்துல விட்டுட்டு வந்திருதேன். இல்லாட்டி அது நகராது, பிரமு. எனக்குத் தெரியும்."

"வேண்டாம்" என்றாள். அவர் கையைப் பிடித்தாள். "வீடு போனாப் போகட்டும். ஆணியெல்லாம் பிடுங்கிட்டு வாரேன். வாங்க, வாடகைக்கே போயிருவோம்."

அந்த வீட்டை விட்டுப் போகலாம் என்று அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் சிரித்தார். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். "வீட்டுல விளக்கேத்தி வையி" என்றார். கேட்டைத் தாண்டிப் பாறையின்மேல் கை வைத்து, "வாங்க அண்ணாச்சி" என்றார், வயசானவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவதுபோல.

தெருவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லு, சொல்லு என்று சென்னியப்பன் கையால் காட்டினார். நானும்தான் மனசுக்குள் சொல்லு என்று அடித்துக்கொண்டேன். அங்கே முதுகு காட்டி நிற்பது மலை மட்டும் இல்லையே. செருப்புக் காலோடு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் புருஷன் கிளம்புகிறார். எந்தப் பெண்பிள்ளை வாயில் அந்த ஒற்றைச் சொல் வரும்? வாசலில் நின்று அந்தச் சொல்லைப் புருஷனைப் பார்த்து எவள் சொல்லுவாள்?

"போயிட்டு வாங்க" என்றாள் டீச்சர்.

அவளே எங்களைப் பார்த்து, "எல்லாரும் திரும்பிக்கிடுங்க, யாராவது பாத்தா அது நகராது" என்றாள். திரும்பிக்கொண்டோம். மறுபடி பார்த்தபோது முகத்தில் வெயில் அடித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அடித்த வெயில். மலை பழைய இடத்தில் நீலமாக நின்றிருந்தது, தெருப் பாறைகள் இல்லை, காலி மனைகள் பாய் விரித்த மாதிரி விரிந்து கிடந்தன, கற்கள் அதனதன் இடத்தில். ராக்கியண்ணன் கொட்டகை மட்டும் இல்லை. சாரும் இல்லை.

தேடினோம். முள்ளுக்காட்டில் தேடினோம், பத்திரிகை வைத்த பாறையில் தேடினோம். அதன்மேல் அவருடைய செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. யார் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றினார்? இவ்வளவு தூரம் வந்துவிட்டு உள்ளே வராமல் போவதாவது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று மலையும் கூப்பிட்டிருக்கும். மரியாதை தெரிந்த மனுஷர், மறுத்திருக்க மாட்டார்.

ஊர் துணி காயப்போட்டது. வடாம் பிழிந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், விளக்கேற்றினாள். அவருடைய சட்டைகளைப் பீரோவிலிருந்து எடுத்து, ஓர் ஆணிக்கு ஒரு சட்டையாக வீடு முழுக்க மாட்டி வைத்தாள். நாங்கள் அவள் எதிரில் மலைப் பேச்சு எடுப்பதில்லை.

போன வாரம் அவள் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். "அருவியப் பாருங்க, கருணாக்கா" என்றாள். நூலாக இருந்தது கயிறாகத் தடித்திருந்தது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளோ சிரித்தாள்.

"சார் வாராக" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் மேற்கேயிருந்து ரேடியோ கேட்டது, தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே தொண்டையைச் செருமும் சத்தம் இரண்டு தடவை. தெருவில் எல்லோருக்கும் கேட்டது. கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சென்னியப்பன் மட்டும் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டிருக்கிறார் என்று கேள்வி.

இன்று காலை டீச்சர் வந்து ஹாஸ்டலின் பெரிய அண்டா இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. புருஷன் வருகிறார், கூட ஆள் வருகிறது, சமைக்கப் பாத்திரம் வேண்டும் என்று ஒருத்தி வாசலில் வந்து நின்று கேட்டால் என்ன சொல்லி மறுப்பது? எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "வரட்டா கருணாக்கா" என்றாள். "போயிட்டு வா கண்ணு" என்றேன், பழக்கதோஷம்.

அவள் போன பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அருவி வேட்டியாகத் தொங்குகிறது.